அளந்தாயிற்று, எழுதியாயிற்று... பணம் எப்போது?

அரசுப் பணிகளை முடித்துக் கொடுத்த ஒப்பந்ததாரர்களின் பில்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன. இதைச் சிக்கனம் என்று அரசுகள் நினைத்தால், அந்தக் கணக்கு தப்பு.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 3.23 கோடி வீடுகளுக்கே குழாய் இணைப்பு இருந்தது. 2025 தொடக்கத்தில் அது 15 கோடியைத் தாண்டியிருந்தது. ஐந்தரை ஆண்டுகளில் இத்தனை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போனது, பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, மேல்நிலைத் தொட்டி கட்டிய ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தர ஒப்பந்ததாரர்களால்தான். இதே திட்டத்துக்கு 2024-25 மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டது 70,163 கோடி ரூபாய். ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. திட்டத்துக்கு முதலில் அனுமதித்த மத்தியப் பங்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 2028 வரை நீட்டிப்பதாக அறிவிப்பு வந்தபோதும் உடனே பணம் வரவில்லை. செலவுக் கணக்கிலும் தரத்திலும் சந்தேகம் எழுந்து ஆய்வுக் குழுக்கள் அனுப்பப்பட்டன. காரணங்கள் எதுவாகவும் இருக்கட்டும். காகிதத்தில் சுருங்கிய அந்தத் தொகைக்கு இணையாக மண்ணுக்குள் பதித்த குழாய் சுருங்கவில்லை. வேலை முடிந்திருந்தது, பில் போயிருந்தது, பணம் மட்டும் நின்றுவிட்டது.

ஜல் ஜீவன் இதில் பெரிய உதாரணம். ஒரே உதாரணம் இல்லை. சாலை, பள்ளிக் கட்டடம், கால்வாய், ஊராட்சிச் சிமென்ட் ரோடு என எல்லா இடத்திலும், எல்லாக் கட்சி ஆட்சியிலும் இதே கதை நடக்கிறது. கேரளத்தில் கருவூலக் கட்டுப்பாடு, கர்நாடகத்தில் ஒப்பந்ததாரர் சங்கத்தின் புகார், மகாராஷ்டிரத்தில் போராட்டம் என்று செய்தி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றே. முடிந்த வேலைக்கான பணத்தை நிறுத்தி வைப்பதால் அரசுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாவதில்லை. தன்னைவிட எளியவரிடமிருந்து, அவர் சம்மதம் கேட்காமல், வட்டியும் பேசாமல் அரசு வாங்கும் கடன் அது. அந்தக் கடனை அடைத்தாக வேண்டும். மறுபடி வாங்க முடியாதபடி கதவையும் சாத்த வேண்டும்.

பில் போகும் பாதை

இந்தக் கடன் எந்தக் கட்டத்தில் உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு பில் போகும் வழியைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அஸ்திவாரமோ, தளமோ, ஒரு கட்ட வேலை முடிந்ததும் பிரிவுப் பொறியாளர் டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து ‘எம் புக்’ எனப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அந்தப் புத்தகம் சாதாரண நோட்டு இல்லை. பக்கங்களுக்கு எண் உண்டு. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. எழுதியதை அழித்துத் திருத்தக் கூடாது. அடித்து எழுதினால் அந்த இடத்தில் கையெழுத்து வேண்டும். நீதிமன்றத்திலும் அது ஆவணமாக நிற்கும். அளவை ஏற்று ஒப்பந்ததாரர் கையெழுத்திடுகிறார். மேலதிகாரி வந்து ஒரு பகுதியை மறுபடி அளந்து சரிபார்க்கிறார். கோட்ட அலுவலகத்தில் கணக்கர் விலை விகிதத்தைப் பெருக்கி, வருமான வரிப் பிடித்தம், ஜிஎஸ்டி பிடித்தம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், வைப்புத் தொகைப் பிடித்தம் என ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். செயற்பொறியாளர் பில்லை ‘பாஸ்’ செய்கிறார். அந்தக் கையெழுத்து விழுந்த நிமிடம் முதல், வேலை நடந்ததா, சரியாக நடந்ததா, எவ்வளவு நடந்தது என்ற கேள்விகள் முடிந்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது, எத்தனை நாளில் பணம் என்ற ஒரே கேள்வி. நம் நாட்டில் பெரும்பாலான பில்கள் முடங்கிக் கிடப்பது இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான். ‘ஃபண்ட் வரலை’ என்ற இரண்டே சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது.

அந்த இரண்டு சொல்லின் விலை என்ன? மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வையே எடுத்துக்கொள்வோம். பொருள், கூலி, இயந்திரச் செலவின் மேல் ஒப்பந்ததாரரின் மேற்செலவுக்கும் லாபத்துக்கும் சேர்த்து 15 சதவீதம் வைக்கிறார்கள். அதில் பாதி லாபம். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 1 கோடி ரூபாய் பில்லில் அரசே ஒப்புக்கொள்ளும் லாபம் சுமார் ஆறரை லட்சம். மீதி தொண்ணூற்று மூன்றரை லட்சம் அவர் கைக்காசு, அல்லது கடன் வாங்கிய காசு. வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் தொண்ணூற்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வட்டி. ஏழே மாதத்தில் லாபம் முழுவதும் கரைந்துவிடும். அடமானம் வைக்க இனி எதுவும் இல்லாத சிறு ஒப்பந்ததாரர் வெளியில் ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கினால், அதாவது மாதம் 2 சதவீதத்துக்கு, மூன்றரை மாதம்தான் தாங்கும். ஓராண்டு தாமதம் என்றால், தரமாக வேலை செய்து, நேரத்துக்கு முடித்துக் கொடுத்த ஒருவர், தன் கையை விட்டு அரசுக்குப் பணம் கொடுத்தவர் ஆகிறார்.

கடன்காரருக்கு மட்டும் சட்டம் இல்லை

இதில் மிகவும் வலிக்கும் பகுதி, அரசு மற்றவர்களுக்கு விதித்திருக்கும் ஒழுங்கு. குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. ஜிஎஸ்டி சட்டமோ, சப்ளையருக்கு 180 நாளில் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்கிறது. ஓர் ஒப்பந்ததாரரை இந்த வலைக்குள் நிறுத்திப் பாருங்கள். அரசு அவருக்குத் தரவில்லை. அதனால் அவர் செங்கல் சூளைக்காரருக்கும் ஜல்லி குவாரிக்கும் தர முடியவில்லை. சட்டம் பிடிப்பது அவரை. வருமான வரிக் கணக்கு காட்டத் தேவையில்லாத அரசுத் துறையை அந்த விதி தொடுவதே இல்லை. ஒப்பந்தப் பணி என்பது பொருள் சப்ளையோ தனிச் சேவையோ ஆகாது என்று சொல்லி, 2006 சட்டத்தின் பாதுகாப்பு ஒப்பந்ததாரர்களுக்குப் பொருந்தாது எனப் பல உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. பாக்கி வைப்பவர்களிலேயே மிகப் பெரியவர் மட்டும் கெடுவுக்கு வெளியே நிற்கிறார்.

மேலே நின்ற பணம் கீழே இறங்கும்போது இன்னும் கொடுமையாகிறது. பெரிய ஒப்பந்ததாரர் எடுத்த வேலையைத் துணை ஒப்பந்ததாரர் செய்கிறார். அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே கொத்தனார், சித்தாள். அரசின் பில்லில் இவர்களில் முதலாமவர் பெயர் மட்டுமே இருக்கும். 2025இல் மகாராஷ்டிரத்தில் ஜல் ஜீவன் பணி செய்த ஒருவர் பணம் வராமல் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, அவர் பெயரில் எங்களிடம் பில் பாக்கியே இல்லை, அவர் துணை ஒப்பந்ததாரராக இருந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. அந்த விளக்கம் கணக்குப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் நோயின் ஆழத்தையும் அதுதான் காட்டுகிறது. யாருடைய உழைப்பில் வேலை நடந்ததோ அவர் அரசின் புத்தகத்தில் இல்லவே இல்லை. சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கு வங்கியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சனிக்கிழமை கூலி வரவில்லை என்றால், திங்கட்கிழமை வேறு சைட்டுக்குப் போவதைத் தவிர அவருக்கு வழி கிடையாது.

இது ஒப்பந்ததாரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று பொதுமக்கள் இருந்துவிட முடியாது. பணம் எப்போது வரும் என்று தெரியாத துறையில் டெண்டர் போடுபவர், தாமதத்தின் வட்டியையும் சேர்த்தே விலை வைக்கிறார். அப்படி வைக்க முடியாத சிறியவர்கள் விலகிக்கொள்கிறார்கள். தாக்குப்பிடிப்பவர்கள் இரண்டு வகை: ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பண பலம் உள்ளவர்கள், பில்லை நகர்த்தும் செல்வாக்கு உள்ளவர்கள். போட்டி குறையக் குறைய விலை ஏறும். குறைந்த விலைக்கே எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர், கம்பியிலும் சிமென்ட்டிலும் கை வைக்கிறார். பாதியில் நிற்கும் பாலத்துக்கு, இடைப்பட்ட ஆண்டுகளின் விலையேற்றத்தோடு புது மதிப்பீடு போட வேண்டியிருக்கிறது. வழக்கு, நடுவர் மன்றம் என்று போய் அரசு தோற்றால், தீர்ப்புத் தொகை கொடுக்கப்படும் நாள் வரை வட்டி ஓடுகிறது; தீர்ப்பில் வேறு விகிதம் சொல்லப்படாவிட்டால் நடப்பு வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல் என்பது சட்டம். இந்த வட்டி எந்த அதிகாரியின் சம்பளத்திலிருந்தும் போவதில்லை. வரி கட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது.

எதிர்வாதங்கள் என்ன சொல்கின்றன?

முதல் எதிர்வாதம் தரம் பற்றியது. கட்டிய சில மாதங்களில் சாலை பெயர்கிறது. 2024 மழையில் பிகாரில் பாலங்கள் அடுத்தடுத்து விழுந்தன. பணத்தைப் பிடித்து வைப்பது ஒன்றுதானே அரசின் கையில் இருக்கும் பிடி என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கான பிடி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வேலை தொடங்குமுன் செயல்பாட்டுப் பிணை, ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைக்கும் தொகை, முடிந்த பின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் மூன்றும் தரத்துக்காகவே வைக்கப்பட்டவை. குறை கண்டால் எழுத்தில் சொல்லி, அந்த அளவுக்குத் தொகையைக் கழிக்கலாம். கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு, ‘பாஸ்’ ஆன பில்லையும் எல்லாருக்கும் சேர்த்து நிறுத்துவது தரக் கட்டுப்பாடு ஆகாது. ஜல் ஜீவன் ஆய்வில் குறை கண்ட பணிக்குப் பணம் நிறுத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குறை இல்லாத பணிக்கும் நிறுத்தினால், நன்றாகக் கட்டியவரும் மோசமாகக் கட்டியவரும் ஒரே தண்டனை பெறுகிறார்கள். நன்றாகக் கட்டுவதற்கான காரணமே அங்கே போய்விடுகிறது.

இரண்டாவது, ஊழல். ஒப்பந்ததாரர்கள் எல்லாரும் அரசியல்வாதிகளோடு கூட்டு, அவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுக்கச் சொல்வது கொள்ளைக்குத் துணைபோவது இல்லையா என்பது. கூட்டு இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டு எதைத் தின்று வளர்கிறது என்று பார்க்க வேண்டும். நூறு பில் காத்திருக்கிறது, இருபதுக்குத்தான் பணம், எந்த இருபது என்பதை ஒருவர் தீர்மானிக்கலாம் என்றால், கமிஷன் பிறக்கும் இடம் அதுதான். 2021இல் கர்நாடக ஒப்பந்ததாரர் சங்கம் பிரதமருக்கே எழுதி, 40 சதவீதம் வரை கமிஷன் கேட்கப்படுவதாகக் குற்றஞ்சாட்டியது. பாக்கியை விடுவிக்கவே பணம் கேட்கிறார்கள் என்பதும் அதில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. 2023இல் அங்கே ஆட்சி மாறியதும், முந்தைய ஆட்சியின் பணிகளுக்கான பணம் விசாரணைக்காக நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தில் 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பின் முந்தைய ஆண்டுகளின் ஊரக வேலைவாய்ப்புத் திட்டப் பணிகளுக்கான பில்கள் நிறுத்தப்பட்டன. 2021இல் உயர் நீதிமன்றம் வட்டியோடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. தவறு செய்தவரை விசாரிப்பது அரசின் கடமை. அதற்கு வழக்கு, முடக்கம், மீட்பு என வழிகள் உண்டு. ஒட்டுமொத்த நிறுத்தம் அந்தக் கடமைக்கு மாற்று ஆகாது. வந்த வரிசையில் பணம் என்ற விதியும், அந்த வரிசை இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருப்பதும், எந்த விசாரணைக் குழுவையும்விட ஊழலைக் குறைக்கும்.

மூன்றாவது எதிர்வாதமே உண்மையில் கனமானது: அரசிடம் பணம் இல்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, நலத்திட்டம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் கட்டுமானம்; மாநிலங்கள் கடன் வாங்குவதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. உச்சவரம்பு இருப்பதுதான் பில்லை நிறுத்தும் தந்திரத்துக்குத் தூண்டுதல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்திய அரசுக் கணக்குகள் ரொக்க அடிப்படையில் எழுதப்படுகின்றன. பணம் வெளியே போனால்தான் செலவு. மார்ச் 31க்குள் கொடுக்காத பில் அந்த ஆண்டின் பற்றாக்குறையில் ஏறாது. கடன் பத்திரம் வெளியிட்டால் கேள்வி வரும். ஒப்பந்ததாரருக்குப் பாக்கி வைத்தால் யாரும் கேட்பதில்லை. கேரளம் பல ஆண்டுகளாக நடத்திவரும் ‘பில் டிஸ்கவுன்டிங்’ முறை இதை வெளிப்படையாகவே காட்டுகிறது: அரசு தர வேண்டிய பணத்தை வங்கி முன்கூட்டித் தருகிறது, வட்டியில் ஒரு பங்கை ஒப்பந்ததாரர் சுமக்கிறார். பாக்கி என்பது கடன்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பணம் இல்லை என்றால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் டெண்டர் விடுவதற்கு முன்னால். அந்த ஆண்டுச் செலவுக்கு நிதி ஒதுக்காமல் எந்தப் பணியையும் தொடங்கக் கூடாது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள், விதி 136, ஏற்கெனவே சொல்கின்றன. அடிக்கல் நாட்டு விழாக்களின் அவசரத்தில் அந்த வரி மறக்கப்படுகிறது.

நான்காவதாக, ஒப்பந்ததாரர்கள் பொய்க் கணக்கு காட்டுகிறார்கள், கூடுதல் வேலை என்று சொல்லி இல்லாததைக் கேட்கிறார்கள் என்பார்கள். கேட்பவர்களும் உண்டு. அதற்காகத்தான் தகராறு உள்ள தொகையையும் இல்லாத தொகையையும் பிரிக்க வேண்டும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தல் இதைத்தான் செய்கிறது: பில் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தகுதியான தொகையில் குறைந்தது 75 சதவீதம், முழுச் சரிபார்ப்புக்குப் பின் மிச்சம் 28 வேலை நாளுக்குள், வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் இறுதி பில். நடுவர் தீர்ப்பை அரசு எதிர்த்து வழக்காடினாலும், வங்கி உத்தரவாதம் பெற்றுக்கொண்டு 75 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, பிறகு அது நிதி விதியாகவும் ஆனது. வழி தெரியாமல் இல்லை. ஆனால் அறிவுறுத்தலை மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. தாமதத்துக்கு வட்டி தரும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம் என்றுதான் அதில் இருக்கிறது, செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தவும் இல்லை. 2023இல் பழைய தகராறுகளைத் தீர்க்க வந்த திட்டத்தில், நடுவர் மன்றத்தில் வென்றவருக்கு அரசு முன்வைத்த தொகை, தீர்ப்பில் அதிகபட்சம் 65 சதவீதம். ஜெயித்தவரே மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால்தான் சீக்கிரம் பணம் என்றால், தாமதமே அரசின் பேர ஆயுதமாகிவிட்டது என்று பொருள்.

பிற நாடுகள் போட்ட பூட்டு

உலகத்தில் இதைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசு 1982இலேயே உடனடிப் பணச் சட்டம் கொண்டுவந்தது. கட்டுமானப் பணியில் முறையான பில் வந்த 14 நாளில் பணம் தராவிட்டால் வட்டி தானாக ஓடும். பணம் வாங்கிய ஒப்பந்ததாரர் 7 நாளில் தன் கீழுள்ளவருக்குக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996 சட்டப்படி கட்டுமானத் தகராறை ஒரு தீர்வாளர் 28 நாளில் முடிவு செய்கிறார். அந்த முடிவுப்படி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்காடலாம். சிங்கப்பூர் 2004இலும் மலேசியா 2012இலும் இதே வழியில் சட்டம் இயற்றின. எச்சரிக்கைப் பாடமும் இந்த நாடுகளிடம் உண்டு. 2018 ஜனவரியில் இங்கிலாந்தின் காரில்லியன் நிறுவனம் திவாலானபோது, அது பிடித்து வைத்திருந்த துணை ஒப்பந்ததாரர்களின் தொகையும் சேர்ந்தே மூழ்கியது. பிடித்து வைக்கும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், பிடித்து வைத்தவரின் கைச்செலவுக்குப் போகக் கூடாது என்பதை அது சொல்லிக்கொடுத்தது. இந்தியாவில் இத்தகைய சட்டம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. முதல் வேலை, தகராறு இல்லாத பழைய பாக்கிகளை விடுவிப்பது. அதிலும் சிறிய தொகைகள் முதலில், ஏனென்றால் அங்கேதான் ஒரு தாமதம் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கிறது. அடுத்து, 75 சதவீதம் 10 வேலை நாள் என்ற விதியை மாநிலங்களும் சட்டமாக்கி, கெடு தாண்டினால் யாரும் கேட்காமலே வட்டி சேரும்படி செய்ய வேண்டும். பில்கள் வந்த தேதி வரிசையில் பொதுப்பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வரிசை தாண்டிக் கொடுத்தால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஒப்பந்ததாரர் பெயரும் பில்லில் ஏறி, அவர் பங்கு அவர் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். தகராறுக்கு 28 நாள் தீர்வு முறை வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. இன்றைக்கு மறைவாகக் கட்டும் வட்டியையும், ஏறிய டெண்டர் விலையையும் கணக்கில் கொண்டால் செலவு குறையவே வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றுக்கும் முதல் படியாக ஒன்றை அடுத்த பட்ஜெட்டிலேயே செய்யலாம். ஒவ்வொரு நிதி அமைச்சரும், துறை வாரியாக ‘பாஸ்’ ஆகியும் கொடுக்கப்படாத பில்கள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை மாதப் பாக்கி என்ற பட்டியலைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வாங்கிய கடனை அரசு பட்ஜெட்டில் காட்டுகிறது. இதுவும் வாங்கிய கடன்தான். அந்தப் பட்டியலை வைத்த பிறகே புதுப் பணிகளின் அறிவிப்பு வரட்டும். பழைய பாக்கி எவ்வளவு என்று தெரிந்த சபை, புதிய அடிக்கல்லுக்குக் கைதட்டுமுன் அதற்குப் பணம் எங்கே என்று கேட்கும். அந்தக் கேள்வியைச் சட்டமன்றம் கேட்கத் தொடங்கும் வரை, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கோட்ட அலுவலக வாசலில் நிற்பவர்தான் அரசுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பார்.